பெரிய கம்பெனி கையில் இருக்கிற கேம் ஸ்டூடியோவை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சேர்ந்து விளையாடுகிற எங்கள் கூட்டத்தில் பயோவேர் என்ற கேம் ஸ்டூடியோவின் பெயரை எடுத்தாலே பேச்சு சூடாகிவிடும். "ஈஏ வாங்கின அன்னிக்கே எல்லாம் போச்சு" என்பார் ஒருவர், "அடுத்த மாஸ் எஃபெக்ட் வரட்டும், அப்புறம் பேசுங்க" என்பார் இன்னொருவர். புதிதாக வந்து சேரும் காலேஜ் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள், திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டூடியோ, பப்ளிஷர், ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?

இல்லை. கேமை உருவாக்குவது ஸ்டூடியோ. கதை, வரைகலை, புரோகிராம், இசை எல்லாம் அங்கே நடக்கும். பணம் போட்டு, விளம்பரம் செய்து, விற்பது பப்ளிஷர். பல நேரம் பப்ளிஷர் ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த கேம், எந்தத் தேதி, எத்தனை பேருக்கு வேலை என்பதில் கடைசி வார்த்தை பணம் போட்டவருடையது. இங்கே பயோவேர் ஸ்டூடியோ, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஈஏ அதன் முதலாளி.

பயோவேரைப் பத்தி ஏன் இவ்வளவு பேசுறீங்க? அப்படி என்ன செஞ்சாங்க?

1995இல் கனடாவின் எட்மன்டன் நகரத்தில் டாக்டருக்குப் படித்த சிலர் சேர்ந்து ஆரம்பித்த ஸ்டூடியோ இது. 1998இல் பால்டர்ஸ் கேட், 2003இல் ஸ்டார் வார்ஸ் உலகத்தை வைத்து நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக், 2007இல் மாஸ் எஃபெக்ட். இந்த கேம்களில் நாம் என்ன பேசுகிறோம், யாரைக் காப்பாற்றுகிறோம், யாரைக் கைவிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதை திரும்பும். கூட வரும் பாத்திரங்களோடு நெருக்கம் உண்டாகிவிடும். மாஸ் எஃபெக்ட் இரண்டாம் பாகத்தின் கடைசியில், நாம் முன்னால் எடுத்த முடிவுகளால் கூட வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் செத்துப்போகலாம், செத்தவர் மூன்றாம் பாகத்தில் வரமாட்டார். அந்த முடிவுகளைச் சேமித்து வைத்திருக்கும் சேவ் ஃபைலை அழித்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யாமல் வைத்திருந்த ஆட்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட ஒன்று கெட்டுப்போகிறது என்றால் ஆத்திரம் வரத்தான் செய்யும், அதை வெறும் கேம்தானே என்று ஒதுக்க எனக்கு மனது வராது.

ஈஏ வாங்கினதாலதான் கெட்டுப்போச்சு, சரியா?

பாதிதான் சரி. 2007 அக்டோபரில் ஈஏ பயோவேரையும் பாண்டமிக் என்ற இன்னொரு ஸ்டூடியோவையும் சேர்த்து சுமார் 86 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தத்தில் வாங்குவதாக அறிவித்தது, 2008 ஜனவரியில் அது முடிந்தது. பலரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற பயோவேரின் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் வந்தது 2009இல், மாஸ் எஃபெக்ட் 2 வந்தது 2010இல். இரண்டுமே ஈஏ கைக்குப் போன பிறகு வந்தவை. அதனால் வாங்கிய அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்பது கணக்குக்கு ஒத்துவராது.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சேர்த்து வாங்கிய பாண்டமிக்கை 2009 நவம்பரில் மூடிவிட்டார்கள், வாங்கி இரண்டு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. அதற்கு முன்பே புல்ஃப்ராக், வெஸ்ட்வுட் என்று ஈஏ வாங்கி மூடிய ஸ்டூடியோக்கள் உண்டு, பிறகு 2017இல் டெட் ஸ்பேஸ் செய்த விசரலையும் மூடினார்கள். ரசிகர்கள் பயப்படுவது காரணமில்லாமல் இல்லை.

முதல்ல எங்கதான் விரிசல் விழுந்தது?

என் கணக்கில் டிராகன் ஏஜ் 2. முதல் பாகம் வந்து 16 மாதத்தில், 2011 மார்ச்சில் அது வந்துவிட்டது. ஒரே குகையை, ஒரே கிடங்கை வேறு வேறு கதவு வழியாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கதை நன்றாக இருந்தது, பாத்திரங்கள் ரொம்ப நன்றாக இருந்தார்கள், ஆனால் அவசரம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அடுத்த வருஷம் மாஸ் எஃபெக்ட் 3. தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டு இரண்டு மாதம் கழித்து, 2012 மார்ச்சில் வந்தது. இதில் இரண்டு சண்டை. ஒன்று, கதைக்கு ரொம்ப முக்கியமான ஒரு பாத்திரத்தை ரிலீஸ் அன்றைக்கே தனியாக 10 டாலருக்கு விற்றது. இரண்டு, முடிவு. உங்கள் முடிவுகளுக்கு மதிப்பு உண்டு என்று மூன்று பாகம் சொல்லிவிட்டு, கடைசியில் மூன்று வழிகளைக் காட்டி, எதை எடுத்தாலும் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மட்டும் மாறுகிற மாதிரி ஒரே காட்சியை ஓடவிட்டார்கள். ஏ, பி, சி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற முடிவாக இது இருக்காது என்று ரிலீஸுக்கு முன்னால் இயக்குநர் கேசி ஹட்சனே பேட்டியில் சொல்லியிருந்தார், அதனால்தான் கோபம் அத்தனை பெரிதானது.

அதுக்கு ரசிகர்கள் என்ன செஞ்சாங்க?

இதை நான் எப்போதும் நின்று நிதானமாகச் சொல்வேன். ஒரு கூட்டம் வசைபாடியது, அது எல்லா ஊரிலும் நடப்பது. இன்னொரு கூட்டம் எதிர்ப்பைக் காட்டவே நிதி திரட்டி, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் அறக்கட்டளைக்கு 80,000 டாலர் போலக் கொடுத்தது. பயோவேர் ஆபீசுக்கு நானூறு கப்கேக் அனுப்பினார்கள். மேலே க்ரீம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை, உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் குறை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே வருஷம் ஜூனில் முடிவை விரித்துச் சொல்லும் கூடுதல் காட்சிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லாரும் சமாதானம் ஆகவில்லை, ஆனால் காது கொடுத்தார்கள். செப்டம்பரில் நிறுவனர்களான ரே மியூசிகாவும் கிரெக் ஸெஷுக்கும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

ஆந்தம் விஷயத்துல தப்பு யாரோடது, ஈஏவா, பயோவேரா?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் நீளும், ஏனென்றால் நம்பிக்கையைப் பற்றி யோசிக்கிற யாருக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆந்தம் 2019 பிப்ரவரியில் வந்தது. இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு நாலு பேர் சேர்ந்து பறந்து சண்டை போடும் ஆன்லைன் கேம். பறக்கும்போது உண்மையிலேயே சுகமாக இருக்கும். இறங்கிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஏன் இப்படி ஆனது என்று அந்த ஏப்ரலில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் அங்கே வேலை செய்தவர்களிடம் விசாரித்து எழுதினார். அதைப் படித்ததும் ஈஏவை மட்டும் திட்டிக்கொண்டிருந்த பலருக்கு வாய் அடைத்துப்போனது.

கிட்டத்தட்ட ஏழு வருஷம் கையில் இருந்த திட்டம் அது. அதில் பெரும்பகுதி என்ன கேம் செய்கிறோம் என்றே முடிவாகாமல் கழிந்தது. பறக்கிற வசதியைச் சேர்ப்பார்கள், எடுப்பார்கள், மறுபடி சேர்ப்பார்கள். 2017இல் ஈஏவின் பெரிய அதிகாரி பேட்ரிக் சோடர்லண்ட் டெமோவைப் பார்த்து இது பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகு, அவருக்குக் காட்டுவதற்காகப் பறப்பதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அவருக்கு அது பிடித்துப்போனது. அதாவது அந்த கேமில் நமக்குப் பிடித்த ஒரே விஷயம் உறுதியானது பப்ளிஷர் பக்கத்து ஆள் ஒருவரால். அந்த வருஷம் ஜூனில் மேடையில் காட்டிய காட்சியைப் பார்த்துத்தான் தாங்கள் என்ன கேம் செய்கிறோம் என்றே உள்ளே பலருக்குப் புரிந்தது. எல்லாம் கடைசி நேரத்தில் எப்படியாவது கூடிவரும் என்ற நம்பிக்கைக்கு அங்கே 'பயோவேர் மேஜிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மேஜிக்குக்காக ஆட்கள் ராத்திரி பகலாக உழைத்தார்கள், மனம் உடைந்து டாக்டர் சொல்லி மாதக்கணக்கில் லீவு எடுத்தவர்கள் உண்டு.

சரி, ஈஏ மேல் குற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. ஃப்ராஸ்ட்பைட் என்ற என்ஜினை, அதாவது கேமை எழுப்ப அடித்தளமாக இருக்கும் மென்பொருளை, ஈஏவின் ஸ்டூடியோக்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும்படி ஆனது. அது டைஸ் என்ற ஸ்டூடியோ பேட்டில்ஃபீல்டு துப்பாக்கிச் சண்டைக்காகச் செய்தது. கதை விளையாட்டுக்கு வேண்டிய பொருள் பை, சேவ் வசதி போன்ற அடிப்படைகளையே பயோவேர் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சந்தேகம் கேட்கலாம் என்றால் என்ஜின் தெரிந்தவர்களை நிறைய வருமானம் தரும் ஃபிஃபா பக்கம் அனுப்பியிருப்பார்கள். கால அழுத்தம் வேறு.

ஆக, தீர்மானம் எடுக்கத் தவறியது ஸ்டூடியோவின் தலைமை, கையைக் கட்டிப்போட்டது முதலாளி, சுமந்தது கீழே வேலை செய்தவர்கள். சரிசெய்து தருகிறோம் என்று சொன்ன வேலையை 2021 பிப்ரவரியில் நிறுத்தினார்கள்.

ஆந்தம் டிஸ்க் இப்போ சண்டே மார்க்கெட்ல கம்மி விலைக்குக் கிடைக்குதே, வாங்கலாமா?

வாங்காதே தம்பி. 2026 ஜனவரி 12ஆம் தேதியோடு அதன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். தனியாக விளையாட வழியே இல்லாத கேம் அது, டிஸ்க்கைப் போட்டாலும் உள்ளே போகாது. காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை தரையில் விரித்து விற்பவர்களுக்கு இது தெரிய நியாயம் இல்லை, அவர்களுக்கு எல்லா டிஸ்க்கும் ஒரே மாதிரி. உறையின் பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் இணைய இணைப்பு கட்டாயம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடு. பழைய டிஸ்க் எதை வாங்கினாலும் இதைப் பார்க்க வேண்டும்.

யூபிசாஃப்ட் என்ற பப்ளிஷர் தன் தி க்ரூ கேமை 2024 மார்ச்சில் இப்படித்தான் நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று கிளம்பிய இயக்கத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம், இங்கே ஒரு டிஸ்க் நாலு கை மாறித்தான் கடைசி ஆளிடம் வந்து சேர்கிறது.

டிராகன் ஏஜ்: தி வெயில்கார்டு நல்லா இருந்துச்சே, அது ஏன் தோத்துச்சு?

2024 அக்டோபர் 31, தீபாவளி அன்றைக்கே வந்தது. வெளியே பட்டாசு, உள்ளே டவுன்லோடு ஓடிக்கொண்டிருந்தது. பக் அதிகம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற லூட் பாக்ஸ் இல்லை, ஆன்லைன் கட்டாயம் இல்லை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து நெட் போய், பிறகு கரண்ட் வந்தும் நெட் வராமல் இருந்தபோது நாங்கள் நிம்மதியாக விளையாடியது இதைத்தான்.

ஆனால் அதன் பிறப்பே கோணல். தனியாக விளையாடும் கதை கேமாக ஆரம்பித்து, நடுவில் பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமாக மாற்றச் சொல்லி, ஆந்தம் தோற்ற பிறகு மறுபடி தனி ஆள் கேமாகத் திருப்பினார்கள். பத்து வருஷம் காத்திருந்தவர்கள் முந்தைய பாகங்களில் எடுத்த முடிவுகளில் அநேகம் இதில் எட்டிப் பார்க்கவே இல்லை. எனக்குப் பிடித்திருந்தும் அந்தக் குறை உறுத்தியது. அந்தக் காலாண்டில் சுமார் 15 லட்சம் பேர் விளையாடினார்கள் என்றும், எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதிதான் என்றும் ஈஏ சொன்னது. அதன் தலைவர் ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, ஆட்கள் இப்போது சேர்ந்து விளையாடும் அம்சங்களைத் தேடுகிறார்கள் என்கிற தோரணையில் காரணம் சொன்னார். ஆன்லைன் கேமாக மாற்றச் சொன்னதால் கெட்ட திட்டத்துக்கு, ஆன்லைன் இல்லாததுதான் குறை என்று தீர்ப்பு. எனக்குக் கடைசியாக இருந்த பொறுமையும் அன்றோடு போனது.

2025 ஜனவரியில் ஸ்டூடியோவைச் சுருக்கினார்கள், நூறு பேருக்கும் குறைவாகத்தான் மிச்சம் என்று செய்தி வந்தது. அதற்கு முன்பே 2023 ஆகஸ்டில் 50 பேர் போல வேலை இழந்திருந்தார்கள்.

அப்போ இப்ப இருக்கிற பயோவேர் அதே பயோவேரா?

நம் பக்கம் ஒரு ஹோட்டலில் ருசி மாறினால் "கடை கை மாறிடுச்சுப்பா" என்று சொல்லிவிடுவோம், போர்டு அதேதான் இருக்கும், மாஸ்டர் போயிருப்பார். டிராகன் ஏஜ் உலகத்தை எழுதிய டேவிட் கெய்டர் 2016இல் போனார், அதை இயக்கிய மைக் லெய்ட்லா 2017இல் போனார், கேசி ஹட்சனும் டிராகன் ஏஜின் தயாரிப்பாளர் மார்க் டாராவும் 2020 டிசம்பரில் போனார்கள். புதிதாக வருபவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மாஸ் எஃபெக்ட் 2க்காக நாம் வைத்த அன்பை அதைச் செய்யாத ஆட்களின் கணக்கில் முன்பணமாகக் கட்டக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அது அவர்களுக்கும் சுமை, நமக்கும் ஏமாற்றம். ட்ரெய்லரில் ஸ்டூடியோ பெயரைப் பார்ப்பதைவிட, எழுதியது யார், இயக்கியது யார் என்று தேடிப் பார்ப்பது உருப்படியான வேலை.

பப்ளிஷர் இல்லாம தனியா இருந்தா நல்லா வந்துடுமா?

உத்தரவாதம் இல்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் யாருக்கும் கைகட்டி நிற்காத நிறுவனம்தான். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பழைய கன்சோல்களில் ஓடாத நிலையில் வந்தது, சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. ஆனால் உட்கார்ந்து வருஷக்கணக்கில் சரிசெய்தார்கள், அந்த உரிமை அவர்கள் கையில் இருந்தது. ஆந்தமுக்குக் கிடைக்காதது அதுதான். பயோவேர் தொடங்கி வைத்த பால்டர்ஸ் கேட்டின் மூன்றாம் பாகத்தைச் செய்தது பெல்ஜியத்தைச் சேர்ந்த லாரியன். 2020இல் அரைகுறையாக இருக்கும்போதே விற்பனைக்கு விட்டு, விளையாடியவர்கள் சொன்னதைக் கேட்டு மாற்றி, 2023 ஆகஸ்டில் முழுதாகக் கொடுத்தார்கள். நேரத்தைத் தீர்மானித்தது அவர்களே.

நல்ல கேம் செஞ்சா ஸ்டூடியோவ மூடமாட்டாங்கதானே?

மூடியிருக்கிறார்கள். ஹை-ஃபை ரஷ் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்தது. எல்லாரும் பாராட்டிய கேம் அது. பிறகு கிராஃப்டான் என்ற கொரிய கேம் நிறுவனம் அந்த ஸ்டூடியோவை வாங்கிக்கொண்டது.

55 பில்லியன் டாலருக்கு ஈஏவையே வித்துட்டாங்களாமே, பயோவேர் என்ன ஆகும்?

2025 செப்டம்பரில் அறிவித்த ஒப்பந்தம் அது. சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியும், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து வாங்குவதாக ஏற்பாடு. இதில் 20 பில்லியன் டாலர், அதாவது 2,000 கோடி டாலர், கடன். எனக்கு உறுத்துவது கடன்தான். அதற்கு வட்டி கட்ட வேண்டும், கட்டப்போவது ஈஏவின் வருமானம். வருஷாவருஷம் தவறாமல் பணம் தருகிற ஃபுட்பால் கேமும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் கதை கேமும் ஒரே மேஜையில் இருந்தால் எதன் மேல் முதலில் கத்தி விழும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

நாம கத்தினா அவங்க கேக்கவா போறாங்க?

கேட்டிருக்கிறார்கள், அதுவும் காசு அடிபடும்போது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2இல் காசு கொடுத்தால் சீக்கிரம் முன்னேறலாம் என்று வைத்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, ரிலீஸுக்கு முந்தைய நாள் அந்த விற்பனையையே நிறுத்தினார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட கம்ப்யூட்டர்காரர்களும் சோனி கணக்கு தொடங்க வேண்டும் என்று சொன்னபோது, சில நாள் எதிர்ப்பிலேயே சோனி பின்வாங்கியது.

அதற்காக அங்கே வேலை செய்பவரைத் தேடிப்போய்த் திட்டுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். 2017இல் மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடாவில் முக அசைவுகள் மோசமாக இருந்ததற்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கி அசிங்கமாகத் தாக்கினார்கள். அவர் அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவரே இல்லை என்று பயோவேர் அறிக்கை விட வேண்டியிருந்தது. நம் கூட்டத்தில் யாராவது இப்படிச் செய்தால் அவர்களோடு நான் விளையாடமாட்டேன்.

அடுத்த மாஸ் எஃபெக்டை ப்ரீ-ஆர்டர் பண்ணலாமா?

வரும் முன்னாலேயே காசு கட்டி வைக்க வேண்டாம். 2020 நவம்பர் 7 அன்று அறிவித்த கேம் அது, வரட்டும், நானும் ஆசையாகத்தான் காத்திருக்கிறேன். ஆனால் இங்கே ஒரு பெரிய கேம் 3,000 முதல் 5,000 ரூபாய். கடலூரில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற பையனுக்கு அது சாதாரணத் தொகை இல்லை. டவுன்லோடு கேமுக்கு ஸ்டாக் தீர்ந்துபோகும் என்ற பயமும் கிடையாது. வெயில்கார்டு வந்த நாலே மாதத்தில், 2025 மார்ச்சில், பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆற அமர வாங்கினால் போதும்.

முதல் நாளே வாங்கித்தான் தீருவேன் என்றால், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கு. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடை ஆரம்பித்துவிட்டாலே, கேமில் கோளாறு இருந்தால் ஒழிய, திரும்பத் தரமாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பாத்திரத்துக்கு மூக்கு வைப்பதிலேயே கழிக்காமல், செட்டிங்கை முடித்துச் சண்டையும் பேச்சும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நான் இதுவரைக்கும் பயோவேர் கேம் எதுவுமே ஆடலை. எங்க ஆரம்பிக்கிறது?

மாஸ் எஃபெக்ட்: லெஜெண்டரி எடிஷன். 2021இல் மூன்று பாகத்தையும் மெருகேற்றி, தனியாக விற்ற கதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேமாகக் கொடுத்தது. ஸ்டீம் தள்ளுபடியில் விலை அடியோடு இறங்கும், அதுவரை பொறுத்திரு. கம்ப்யூட்டர் பழசு என்றால் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ், 2009இல் வந்ததால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். பேச்சு எல்லாம் ஆங்கிலம்தான், சப்டைட்டிலைப் போட்டுக்கொள். மாஸ் எஃபெக்டில் முதல் பாகம் கொஞ்சம் மெதுவாக நகரும், அதைத் தாண்டி இரண்டாம் பாகத்துக்குப் போ. கூட வருகிறவர்களோடு கப்பலில் ஒவ்வொரு வேலைக்கும் பிறகு போய்ப் பேசு, அவரவர் வேலையை முடித்துக் கொடு. இல்லாவிட்டால் கடைசியில் ஆட்களை இழப்பாய்.